கலரி ஏன் பேசாமல் இருந்தது?

மெட்னி ஷோ முடிந்து, தியேட்டரில் மலிவு டிக்கட்காரர்கள் உட்காரும் கலரியின் கதவைத் திறந்துவிட்டார்கள். பக்கத்துச் சந்தில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. உள்ளே இருந்து பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். எல்லோருக்கும் கண் சிவந்து கிடந்தது.

கதவோரம் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு நெட்டை மனிதர் நின்று, வருகிற ஒவ்வொரு பெண்ணின் கண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தார். விரலிடுக்கில் சிகரட் தானாக எரிந்துகொண்டிருந்தது. அவர்தான் படத்தின் டைரக்டர், கொழும்பு அருள்நாதன். ஒரு படத்தை எடுத்த மனிதரை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாக நேரில் பார்க்கிறேன்.

"என்னம்மா, படம் எப்படி?" என்று ஒருவரை மறித்துக் கேட்டார்.

அது பாக்கியம் அக்கா. உக்குவளைக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறவர், எங்கள் டிக்கட் கவுண்டருக்குப் பழகிய முகம். சேலையைத் தோளுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு ஓர் அடி ஒதுங்கி நின்று, "ரொம்ப நல்லா இருந்துச்சுங்க ஐயா. ஒடம்புக்கும் மனசுக்கும் ஆறுதலா இருந்துச்சுங்க" என்றார்.

"அழுதீங்களா?"

"ஆமாங்க ஐயா."

வெள்ளைச் சட்டை போட்டவர் எதைக் கேட்டாலும் தோட்டத்தில் அதுதான் பதில். தொரை கேட்டாலும், கணக்கப்பிள்ளை கேட்டாலும், ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டாலும் ஆமாங்க ஐயாதான். அந்த வெயிலில் நிற்கவைத்து "மழை பேயுதா?" என்று கேட்டிருந்தாலும் ஆமாங்க ஐயா என்றுதான் அக்கா சொல்லியிருப்பார். அருள்நாதன் சார் கொழும்பில் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவர். அவருக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

அவருக்கே கண் கலங்கிவிட்டது. கவுண்டர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து, "தங்கச்சி, பாத்தீங்களா? பாத்தீங்களா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம். அந்தப் பெண்கள் யாரும் அழவில்லை என்று எனக்குத் தெரியும். பிறகு ஏன் கண் சிவந்தது என்று கேட்பீர்கள். சொல்கிறேன், கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும்.

டிக்கட் ஜன்னல்

இந்தத் தொடரை நடுவில் கையில் எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. என் பெயர் புளோரா. எழுபதுகளின் நடுவில் மாத்தளை டவுனில் ஒரு தியேட்டரில், பெண்கள் பக்கத்து டிக்கட் கவுண்டரில் இருந்தேன். மாதா கோயிலில் பாட்டுப் பாடுகிற பிள்ளை தியேட்டரில் டிக்கட் விற்பதா என்று எங்கள் தெருவில் கொஞ்ச நாள் முணுமுணுத்தார்கள். பிறகு அவர்களே வந்து, "பல்கனியில ரெண்டு எடுத்து வை புள்ள" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

தியேட்டர் ஹனீபா நானாவுடையது. மேலே மெஷின் ரூமில் படம் ஓட்டுகிறவர் சோமபால. அலுவிகாரையிலிருந்து சைக்கிளில் வருவார். தமிழ்ப் பட வசனம் அத்தனையும் மனப்பாடம். ஆனால் நேரில் பேசினால் பாதி சிங்களம், பாதி சிரிப்பு. என்னைத் தங்கச்சி என்பதற்குச் சிங்களத்தில் "நங்கி" என்று கூப்பிடுவார்.

அந்தத் தியேட்டர் கலவரத்தில் எரிந்துபோனதை முன்பே எழுதிவிட்டேன். எழுதி முடித்து ஒரு வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இன்றைக்கு அது வேண்டாம். இன்றைக்குத் தியேட்டர் நன்றாக இருக்கிறது, கலரியில் ஃபேன் சுற்றுகிறது.

இந்தியாவிலிருந்து படப் பெட்டி வருவது குறைந்துபோன காலம். அரிசிக்கு வரிசை, பாணுக்கு வரிசை, சவர்க்காரத்துக்கு வரிசை. படத்துக்கும் பஞ்சம் வந்தபோது, கொழும்பில் கடை வைத்திருந்த சிலர், சரி, நாமே எடுத்துவிடுவோம் என்று இறங்கினார்கள். அருள்நாதன் சாரை வைத்துப் படம் எடுத்த முதலாளி இரும்புக் கடைக்காரர். ஆணியும் தகரமும் விற்றவர். எந்த ஆணிக்கு எந்த ஊரில் கிராக்கி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாராம். படத்துக்கும் அப்படி ஒரு விடை இருக்கும் என்று நம்பினார். மாத்தளைக்கு வரும்போதெல்லாம் அவர் வாயில் ஒரே கேள்விதான்.

"சனத்துக்கு என்ன வேணும்?"

இருட்டில் தெரிகிற முகம்

சும்மா சொல்லக்கூடாது, நல்ல கேள்விதான். எனக்கே இன்றுவரை அதில் ஒரு பித்து உண்டு. பஸ்ஸில் யாராவது ஃபோனில் படம் பார்த்துக்கொண்டு வந்தால், நான் படத்தைப் பார்ப்பதில்லை, அவர்கள் மூஞ்சியைத்தான் பார்ப்பேன்.

ஆனால் படக் கம்பெனிக்காரர்கள் கேள்வி கேட்ட இடம் சரியில்லை. அவர்கள் வாசலில் நின்று கேட்டார்கள். வாசலில் நின்றால் எத்தனை தலை உள்ளே போனது என்று தெரியும். ஏன் போனது என்று எப்படித் தெரியும்?

ஒரு பழைய இந்தியப் படம் வந்திருந்தது. அதில் வில்லன் சாப்பிடுகிற காட்சி ஒன்று. பெரிய தலைவாழை இலை. சோறு குவியலாக. அதன் மேல் நெய் ஊற்றுகிறார்கள், அது வழிகிறது. கலரி மூச்சுக்காட்டவில்லை. விசில் இல்லை, கடலை கொறிக்கிற சத்தம்கூட இல்லை. பின்னால் நின்ற கம்பெனி ஆள் ஹனீபா நானாவிடம், "வில்லன் நடிப்பைப் பாத்தீங்களா நானா, சனத்தை அப்படியே கட்டிப் போட்டுட்டான்" என்றார்.

அட கடவுளே! அன்றைக்குக் கலரியில் இருந்த பாதிப்பேர் சோறு கண்டு எத்தனையோ நாள். எங்கள் வீட்டிலும் காலையில் மரவள்ளிக்கிழங்கு, இரவும் மரவள்ளிக்கிழங்கு. நானும்தான் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். அந்த வில்லனுக்கு மூக்கு எப்படி இருந்தது என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அடுத்து வந்த உள்ளூர்ப் படத்தில் வில்லனுக்கு வேலை நிறைய வைத்திருந்தார்கள். பாவம், ஓர் இடத்தில்கூட அவனுக்குச் சாப்பாடு போடவில்லை. படம் ஒரு வாரம் தாங்கவில்லை.

இன்னொன்று. கதாநாயகி புருஷனோடு கோபித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுகிறாள். மாமியார் வந்து சாப்பிடக் கூப்பிடுகிறாள், நாத்தனார் வருகிறாள், புருஷன் வருகிறான். அவள் திரும்பவே இல்லை. பெண்கள் பக்கத்தில் அப்படி ஒரு கைதட்டல்! அதே படத்துக்கு அதே பெண்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். கம்பெனி ஆள் மண்டையைப் போட்டு உடைத்து, கடைசியில் அவள் கட்டியிருந்த பெரிய பூப்போட்ட சேலைதான் காரணம் என்று கண்டுபிடித்தார். அதை நம்பி டவுனில் ஒரு புடவைக் கடைக்காரர் அந்த மாதிரிச் சேலைகளை வாங்கி அடுக்கினார். அது அடுக்கியபடியே இருந்தது.

நான் பாக்கியம் அக்காவிடம் கேட்டேன். "சேலையா? அதை யாரு பாத்தா பாப்பா?" என்றார். "அவ கோவிச்சுக்கிட்டுப் படுத்துட்டா பாரு. ஒரு வீடே வந்து சாப்புடு சாப்புடுன்னு கெஞ்சுது. நான் கோவிச்சுக்கிட்டுப் படுத்தா கங்காணிதான் வந்து கதவத் தட்டுவான்."

நாவுலயிலிருந்து மரக்கறி லொறியில் வருகிற கமக்காரர்கள் இருந்தார்கள். சிங்கள ஆட்கள். லொறி திரும்பும்வரை எங்கள் தியேட்டரில் வந்து உட்காருவார்கள். வானம் பொய்த்துப்போன ஒரு வருஷம், மழையில் நனைந்துகொண்டு பாடுகிற டூயட் வந்தால் அவர்களுக்குள் ஒரே வாக்குவாதம். இந்த மழை வயலுக்குக் காணுமா, காணாதா என்று. பாடுகிறவளை அவர்கள் பார்க்கவே இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். பார்த்தார்கள். ஆனால் மழை விட்டதும் எழுந்து போய்விட்டார்கள், பாட்டு இன்னும் முடியவில்லை.

சண்டை இருக்கா பாப்பா?

இனி அருள்நாதன் சாரின் முதல் படத்துக்கு வருகிறேன்.

கொழும்பில் தனியாக இருக்கும் ஒரு வாத்தியாரின் கதை. அவர் ஜன்னலைப் பார்ப்பார். ஜன்னல் அவரைப் பார்க்கும். தூரத்தில் ஒரு வயலின். கொழும்பில் அதை மூன்றாம் நாளே தூக்கிவிட்டார்கள். மற்ற ஊர்களில் மூன்று நாள்கூடத் தாங்கவில்லை. எங்களுக்கு அது வந்த நேரம் மாசி மகம்.

மாசி மகத்துக்கு மாத்தளையில் ஐந்து தேர் ஓடும். சுற்றிலும் உள்ள தோட்டமெல்லாம் டவுனுக்கு இறங்கிவிடும். முந்தின ராத்திரியே நடந்து வந்து, கண் மூடாமல் காவடி பார்த்து, காலையில் கால்கடுக்க நின்று கும்பிட்டு, மத்தியானம் ஆனால் போக்கிடம் இல்லை. கடை வாசலில் இடமில்லை, மரத்தடியில் இடமில்லை, தார் ரோட்டில் கால் வைக்க முடியாது. சாயங்காலம் தேர் திரும்ப வரும்வரை என்ன செய்வது?

பாக்கியம் அக்கா கவுண்டருக்கு வந்தார். பின்னால் ஒரு லயமே, தோட்டத்து வரிசை வீட்டுச் சனம் முழுக்க, நின்றது.

"இதுல சண்டை இருக்கா பாப்பா?"

"இல்லக்கா. சண்டைப் படம் வேணும்னா அடுத்த தியேட்டர்ல ஓடுது."

"பாட்டு?"

"ஒண்ணே ஒண்ணு. அதுவும் மெதுவா."

"யாராச்சும் கத்துவாங்களா?"

யோசித்துப் பார்த்தேன். "இல்ல."

"அப்ப இதுக்கே குடு. எல்லாருக்கும் கலரி."

நான் திகைத்துப்போனேன். ஹனீபா நானாவிடம் ஓடி, "நானா, நம்ம சனத்துக்கு ரசனை வந்திருச்சு!" என்றேன். "வந்தா நல்லந்தானே, போய் டிக்கட்டக் குடு புள்ள" என்றார் நானா. அன்று மெட்னி ஹவுஸ்ஃபுல். அடுத்த தியேட்டரில் சண்டைப் படம் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது.

படம் பாதி ஓடும்போது ஒரு சின்னப் பிள்ளை வெளி வராந்தாவில் அம்மாவைத் தேடி அழுதது. அதைத் தூக்கிக்கொண்டு, டார்ச் அடித்து, கலரிக்குள் போனேன்.

அம்மாடியோவ்!

பெஞ்சு பெஞ்சாகத் தூக்கம். ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து, அவள் தோளில் இன்னொருத்தி சாய்ந்து, வரிசை முழுக்க ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. பெஞ்சுக்கு அடியில் துண்டை விரித்துப் பிள்ளைகள். ஆம்பிளைகள் பக்கத்திலும் அதே கதை. திரையில் வாத்தியார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க முன் பெஞ்சில் ஒரு தாத்தா மட்டும் விழித்திருந்தார், அவருக்குக் காது கேட்காது.

பிள்ளையின் அம்மாவைக் கண்டுபிடித்து மடியில் போட்டேன். அவள் கண்ணைத் திறக்காமலே கையைக் கொண்டுவந்து அணைத்துக்கொண்டாள்.

நான் டார்ச்சை அணைத்துவிட்டு இருட்டில் கொஞ்ச நேரம் நின்றேன். விடிவதற்கு முன்னே எழும்பி, ரொட்டி தட்டி, பிள்ளைகளை விட்டுவிட்டு மலை ஏறி, இறங்கி வந்து மறுபடியும் அடுப்பு. இந்தப் பெண்கள் பகலில் கண் மூடி நான் பார்த்ததே இல்லை. யாரோ மெல்லக் குறட்டை விட்டார்கள், நான் சத்தம் காட்டாமல் வெளியே வந்துவிட்டேன்.

தேர்க் காலம் முடியும்வரை படம் நிரம்பி ஓடியது. செய்தி கொழும்புக்குப் போய், அருள்நாதன் சார் ரயிலேறி வந்து சேர்ந்தது கடைசி நாள் மெட்னி முடியும் நேரம். கதவு திறந்தது. சிவந்த கண்களைப் பார்த்தார்.

சார், அவங்க தூங்கினாங்க

சொல்லாமல் இருப்பேனா? எனக்கு வாய் சும்மா இருக்காது. அன்றைக்கே சொன்னேன்.

"சார், அவங்க அழல. தூங்கினாங்க."

சிரித்தார். "ராத்திரி முழுக்க முழிச்ச ஒடம்பு, ஒண்ணு ரெண்டு பேர் கண் அசந்திருப்பாங்க."

"ஒண்ணு ரெண்டு இல்ல சார். எல்லாரும்."

"நான் கண்ணைப் பாத்தேன் தங்கச்சி. கொழும்புல ஒருத்தரும் என் படத்துக்கு இப்படி வெளிய வரல. அங்க வாட்சைப் பாத்துக்கிட்டு வந்தாங்க."

பாக்கியம் அக்காவைப் பிடித்து, "ஏங்க்கா அழுதேன்னு சொன்னீங்க?" என்று சண்டைக்குப் போனேன். "அந்தப் புள்ள அவ்வளவு ஆசையாக் கேக்குது. இல்லைன்னா சொல்றது?" என்றார் அக்கா.

முதலாளி ஒரே முடிவாக முடிவு கட்டிவிட்டார். மலையகத்துச் சனத்துக்கு அமைதியான படம்தான் வேணும். அவர்களுடைய வாழ்க்கையையே அமைதியாக எடுத்துக் காட்டினால் இன்னும் நன்றாக ஓடும். கொழும்பில் ஒட்டிய போஸ்டரில், மாத்தளை மக்கள் கண்ணீர் விட்ட காவியம் என்று போட்டிருந்ததாம்.

சாருக்கு அந்த இரண்டாவது படத்தில் அவ்வளவு ஆசை இல்லை. அவர் எடுக்க வந்தது வேறு. அதை ஒரு நாள் தியேட்டர் படியில் உட்கார்ந்து, பிளேன்டீ குடித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். அந்த நாட்களில் தோட்டம் தோட்டமாக ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அண்ணனுக்கு அந்தப் பக்கத்துக் குடியுரிமை, தம்பிக்கு இந்தப் பக்கம். ரயிலில் தலைமன்னார், அங்கிருந்து கப்பல். ஸ்டேஷனில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கதறுகிற கதறல் மாத்தளையில் கேட்காத ஆள் கிடையாது.

"அதைத்தான் எடுக்கணும் தங்கச்சி. அதுக்காகத்தான் ப்ளான் வரையிற வேலையை விட்டுட்டு வந்தேன்."

முதலாளி கொடுத்த வாக்கு இதுதான். இரண்டாவது படம் மாத்தளையில் நிரம்பினால், மூன்றாவது கப்பல் படம். நிரம்பாவிட்டால், அவர் ஆணிக்குத் திரும்புவார், சார் ப்ளான் வரையத் திரும்புவார்.

பூ வைத்துக்கொண்டு வந்தவர்கள்

படப்பிடிப்பு பாக்கியம் அக்காவின் தோட்டத்தில். பெண்களைக் கூட்டி வைக்க நான் போனேன், நானா லீவு கொடுத்தார்.

முதல் நாள் காலை அத்தனை பேரும் இருக்கிற நல்ல சேலையைக் கட்டி, தலை நிறையப் பூ வைத்து, பவுடர் பூசி வந்து நின்றார்கள். சார் தலையில் கை வைத்துக்கொண்டார். வேலைக்குப் போகிற மாதிரி, இடுப்பில் படங்கு கட்டி, கூடையோடு வேண்டும் என்றார்.

"ஐயா, படங்கு சாக்கைக் கட்டிக்கிட்டுத் தெனமும்தான் நிக்கிறோம்" என்றார் பாக்கியம் அக்கா. "படத்துலயுமா?"

"உண்மையைக் காட்டணும்மா. உங்க வாழ்க்கையை."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு பூவை எடுத்து ஒரு வாழை இலையில் பத்திரமாக மடித்து வைத்துவிட்டு, படங்கைக் கட்டினார். மற்றவர்களும் கட்டினார்கள். சார் கேட்டதையெல்லாம் முகம் சுளிக்காமல் செய்தார்கள். மத்தியானத்துக்குள் அவரை எல்லோருக்கும் பிடித்துவிட்டது. மழையில் நனைந்து, அட்டை கடித்து, சோற்றுப் பார்சலைப் பிள்ளைகளோடு பங்கிட்டுச் சாப்பிடுகிற மனிதரை யாருக்குத்தான் பிடிக்காது?

அவருக்கு அங்கே கிடைத்த பெரிய பொக்கிஷம் ஒரு சத்தம். விடியும் முன்னே ஆட்களைப் பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, கூப்பிட, லயங்களுக்கு மேலே ஏறி நின்று தப்பு மேளம் அடிப்பார்கள். சில தோட்டங்களில் அதை விட்டுவிட்டு சங்கு ஊத ஆரம்பித்திருந்தார்கள். அங்கே இன்னும் தப்புதான். சார் பெரிய டேப் மெஷினைத் தூக்கிக்கொண்டு, பனியில் நின்று அதைப் பதிவு செய்தார். என் காதில் மாட்டிக் கேட்கவைத்தார். நான் டவுன் பிள்ளை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"படம் முழுக்க அமைதி. நடுவுல இது ஒண்ணுதான் சத்தம்" என்றார். "நம்ம சத்தம்னு சனம் எழும்பி நிக்கும் பாருங்க."

மறுபடியும் மாசி

படம் முடிந்து பெட்டி வந்தபோது அடுத்த மாசியும் போய், அதற்கடுத்த மாசி வந்திருந்தது. முதலாளி தேர் நாளிலேயே போடச் சொன்னார். போன தடவை அப்போதுதானே ஓடியது!

முதல் நாள் மெட்னி. வெயில் அதே வெயில், கூட்டம் அதே கூட்டம். கவுண்டரில் அதே கேள்வி. நான் டிக்கட்டைக் கொடுத்து முடித்துவிட்டு, பல்கனிக்கு ஏறினேன். இந்த முறை சார் முதலிலிருந்தே உள்ளே இருந்தார். பல்கனி விளிம்பில் குனிந்து கலரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இருட்டில் அவருக்குத் தலைகள் மட்டும்தான் தெரிந்திருக்கும். "பாருங்க, எவ்வளவு அமைதி" என்று என் காதில் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. ஏற்கனவே சொன்னதைத்தானே திரும்பவும் சொல்லவேண்டும்.

பாதியில் மலை வந்தது. பனி வந்தது. தப்படிக்கிறவர் கையை ஓங்கினார்.

அடித்தார் பாருங்கள்! ஸ்பீக்கர் எல்லாம் அதிர்ந்தது.

கலரி முழுக்க ஒரே நேரத்தில் எழும்பியது. பிள்ளைகள் வீரிட்டு அழுதார்கள். திரையில் விடிந்த வெளிச்சத்தில் எல்லாம் தெரிந்தது. பெஞ்சுக்கு அடியில் செருப்பைத் தேடுகிறார்கள். ஒருத்தி முடியை அள்ளி முடிகிறாள். பாக்கியம் அக்கா நின்றுகொண்டு, கண் இன்னும் சரியாகத் திறக்காமல், இரண்டு கையையும் தலைக்குக் கொண்டுபோய்க் கூடைக் கயிற்றைத் தேடுகிறார். கயிறு இல்லை. கை அங்கேயே நிற்கிறது.

"ஐயோ, பெரட்டு இல்லடி, படம்டி!" என்று யாரோ கத்தினார்கள். ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்து உட்கார்ந்தார்கள், ஆனால் தூக்கம் போனது போனதுதான். கொஞ்சப் பேர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்கு வெளியே போய்விட்டார்கள்.

சார் பல்கனிக் கம்பியைப் பிடித்தபடி நின்றார். "எல்லாருமா தங்கச்சி?" என்று கேட்டார்.

"எல்லாரும்தான் சார்."

ஷோ விட்டதும் கீழே இறங்கிப் போய்ப் பாக்கியம் அக்காவின் முன்னால் நின்றார். இந்த முறை படம் எப்படி என்று கேட்கவில்லை. "தூங்கிட்டா இருந்தீங்க?" என்றார்.

அக்காவுக்கு உயிரே போய்விட்டது. "மன்னிச்சுக்குங்க ஐயா. படம் நல்லாத்தான் இருக்கு. ஒடம்பு அசதி..."

"பரவாயில்லம்மா. சொல்லுங்க."

அக்கா கொஞ்சம் தயங்கினார். "நாளைக்கு எங்க தோட்டத்து மேல் டிவிஷன் ஆளுங்க வர்றாங்க ஐயா. நான்தான் நல்லாத் தூங்கலாம்னு சொல்லி வச்சேன். நாளைக்கும் இந்தத் தப்பு அடிப்பாங்களா?"



ஹனீபா நானா அவரை ஆபீசுக்குள் கூட்டிப்போய் உட்காரவைத்துப் பேசினார். நானா நல்ல மனிதர், வியாபாரமும் தெரிந்தவர். "தம்பி, கவலப்படாதீங்க. நாளைக்கு மெட்னிக்கு ஒங்கட முதலாளி வாறார். மேல பல்கனியிலதான் உக்காருவார். மேளம் அடிச்ச ஒடன இண்டைக்கி மாதிரி எல்லாரும் எழும்பி நிண்டா, ஒங்கட படத்துக்குத்தான் எழும்பி நிக்கிறாங்கண்டு நெனப்பார். கப்பல் படம் ஒங்கட கையில. நீங்க ஒண்டும் செய்யவும் வாணாம், சொல்லவும் வாணாம்."

நானாவின் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. வெளிப்படையாகச் சொல்கிறேன், அந்தப் படம் வரவேண்டும் என்று நானும் ஆசைப்பட்டேன். எங்கள் சின்னம்மா போன ரயில் அது.

மெஷின் ரூம்

மறுநாள் முதலாளி காரில் வந்து இறங்கினார். வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரிந்தது. சாரின் தோளில் தட்டி, "அருள், கப்பலுக்கு நாள் பாத்திரு!" என்றார். இரண்டு வருஷமாக அந்த ஒரு சொல்லுக்காகத்தான் சார் அலைந்தார். "சரி முதலாளி" என்றார், குரல் எழும்பவில்லை.

முதலாளியும் நானாவும் பல்கனியில் முன் வரிசையில் உட்கார்ந்தார்கள். நான் கதவோரம் நின்றேன். சாருக்குப் போட்ட நாற்காலி காலியாக இருந்தது. கீழே கலரி அமைதியாக இருந்தது. மேல் டிவிஷன் ஆட்கள்.

மலை வந்தது. பனி வந்தது. தப்படிக்கிறவர் கையை ஓங்கினார். அடித்தார்.

சத்தம் இல்லை.

மறுபடி அடித்தார். வாயைத் திறந்து ஏதோ கூப்பிட்டார். அவர் கை வேகமாகப் போகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, லயங்களில் ஒவ்வொரு கதவாகத் திறக்கிறது. ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. கலரியில் ஒரு தலை அசையவில்லை.

முதலாளி துள்ளி எழுந்தார். "சவுண்ட் போச்சு! முக்கியமான எடத்துல சவுண்ட் போச்சு!" என்று மெஷின் ரூம் இரும்புப் படியில் தடதடவென்று ஏறினார். பின்னால் நானா, நானாவுக்குப் பின்னால் நான்.

கதவைத் தள்ளித் திறந்தார்கள். சோமபால கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கி நின்றார். "மாத்தயாதான் கொறைச்சது" என்றார் மெதுவாக, சாரைக் கண்ணால் காட்டி. அருள்நாதன் சார் குனிந்து நின்று, ஒரு கையை சவுண்ட் குமிழில் வைத்துக்கொண்டு, சுவரில் இருக்கிற சதுர ஓட்டை வழியாகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அருள்! என்ன பைத்தியக்காரத்தனம் இது? கையை எடு!"

சார் கையை எடுக்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து, முதலாளியும் பார்க்க இடம் விட்டார்.

முதலாளி குனிந்து பார்த்தார். நல்ல நேரம் பார்த்தார். திரை வெளிச்சம் கலரிமேல் விழுந்திருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. அவர் நிமிர்ந்தபோது அவர் முகத்தைப் பார்த்த எனக்கும் நானாவுக்கும் புரிந்துவிட்டது, கப்பல் படம் அதோடு சரி. அது சாருக்கு எங்களுக்கு முன்னமே தெரியும். தெரிந்துதான் அந்தப் படியில் ஏறியிருக்கிறார்.

"தூங்குறானுக!" முதலாளியின் குரல் அந்தச் சின்ன அறையில் முட்டி மோதியது. "அம்புட்டுப் பேரும் தூங்குறானுக! இதுக்காடா ரெண்டு வருஷம்...?"

சார் குமிழில் வைத்த கையை எடுக்காமல், மற்றக் கை விரலை உதட்டில் வைத்தார்.

"முதலாளி, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."